வலையில் விழுந்த இலை

மாரிகுப்பம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே பழைய தங்கச் சுரங்கத்துக் கழிவுமண் மேட்டில் தைல மரங்கள் நட்டிருக்கிறார்கள். உதிரும் இலை மக்கி அந்த மண்ணைக் காட்டு மண்ணாக மாற்றுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. மரத்தடியில் வலை கட்டி, விழுந்த இலையை மாதக் கடைசியில் எடை போடுவேன். இந்த முறை போனால் எல்லா வலையும் காலி. பக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் ஜெசிந்தா அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பாப்பா, வலை பூரா குப்பையா கெடந்துச்சி. நான்தான் அள்ளினு போயி வெந்நீர் வெச்சிட்டேன். தைல எலை ஒடம்பு வலிக்கு நல்லது. வா, ஒனக்கும் ஒரு பக்கெட் ஊத்தறேன்."

ஒரு மாத இலை வெந்நீரில் போய்விட்டது. ஆனாலும் அந்த வாரம் என்னை "வா" என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

இன்னொரு மாதம் இலை சேர்க்க வேண்டும் என்று கைடு சார் சொல்லிவிட்டார். அதனால் பொங்கலுக்கு வர முடியாது. வருத்தப்படாதே.

சில வலைகள் கிழிந்திருக்கின்றன. கட்டுவதற்கு உன் பழைய நைலக்ஸ் புடவை அனுப்பு. வலைக்கு ஒன்று போதும். இருந்தாலும் இரண்டாக அனுப்பு. ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு.

ஜெசிந்தா அக்கா பங்காருப்பேட்டை போகிறார். இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லி வாசலில் நிற்கிறார்.

உன்,
அல்லி