நான்காம் மெஷினின் ஐந்து பொத்தான்கள்

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் அங்கே நலமாகத்தான் இருக்கிறாய் என்று, மாறான ஆதாரம் கிடைக்கும் வரை, நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சமையலறைச் சர்க்கரை டப்பாவைக் காலி செய்வது என்று நம் வீட்டில் முடிவெடுக்கப்பட்டது. வாக்கெடுப்பில் நான் ஆதரவு, அம்மா எதிர்ப்பு, நீ போனில் ஆதரவு. இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. தோற்ற தரப்பு சர்க்கரையை ஒரு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, எறும்பு வந்தால் வெற்றி பெற்றவர்கள்தான் பொறுப்பு என்று அறிவித்தது. எறும்பு வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அந்த டப்பா எதற்கு என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் நீ போனில் சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உன் மாணவர்களின் விடைத்தாளைப் போல நினைத்துத் திருத்து, அப்பா என்பதற்காக மதிப்பெண் போடாதே. எங்கள் பொத்தான் தொழிற்சாலையில் நான்காம் மெஷினுக்கு ஒரு அம்மாள் புதிதாக வந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா. அவருடைய தட்டு ஒன்றில் ஐம்பது பொத்தானுக்கு ஐந்து பழுது. மற்ற மெஷின்களில் எப்போதும் நூற்றுக்கு நான்குதான். அந்த ஐந்தையும் பொறுக்கி வைத்தது முப்பத்தோரு வருடமாகப் பொத்தான் பார்த்துவரும் இந்தக் கண்தான். மேனேஜர் அந்தத் தட்டை ஆதாரம் என்று தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். பேக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். அந்த அம்மாளுக்கு முழங்கால் சரியில்லை. அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. என் மேசைக்கு வந்து, "சார், நான் தப்பு பண்ணியிருந்தா சொல்லுங்க. ஆனா எண்ணிட்டுச் சொல்லுங்க" என்றார். நான் எண்ணிவிட்டுத்தானே சொன்னேன் என்று எனக்கு வருத்தம். அன்றைக்குத்தான் உனக்கு போன் செய்தேன்.

நீ கேட்ட முதல் கேள்வியே என்னை உட்கார வைத்துவிட்டது. "அந்தத் தட்டை எப்படிப்பா எடுத்தாங்க?" என்றாய். அந்த வாரம் பார்த்த அவருடைய இருபது தட்டில் மோசமானது அது, அதனால் மேனேஜர் எடுத்தார் என்றேன். "இருபது பேரை நிக்க வச்சு அதுல குள்ளமானவரைக் காட்டி, இந்த ஊரே குள்ளம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாய். பழைய தட்டை விடு, புதிதாக நான்கு தட்டு எடு என்றாய். பிறகு உன் புள்ளியியலின் அந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னாய், இன்மைக் கருதுகோள். நான் புரிந்துகொண்டது இது: விசாரணையை ஆரம்பிக்கும்போது ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாளும் மற்றவர்களைப் போல நூற்றுக்கு நான்குதான். அப்படி இருந்தும் வெறும் அதிர்ஷ்டக் குறைவால் எத்தனை பழுது வரக்கூடும் என்று பார்க்க வேண்டும். அதிர்ஷ்டம் அவ்வளவு தூரம் போகாது என்கிற அளவுக்கு வந்தால்தான் அந்த நம்பிக்கையைக் கைவிடலாம். இதை அம்மாவிடம் விளக்கினேன். "ஒண்ணுமே நடக்கலன்னு வச்சுக்கறதா? உங்கப்பா வீட்டு வேலை விஷயத்துல கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே பண்றாரு" என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

சர்க்கரை டப்பாவில் ஒரே அளவில் ஆயிரம் பொத்தான் போட்டோம், தொள்ளாயிரத்து அறுபது வெள்ளை, நாற்பது கறுப்பு. கறுப்புதான் பழுது. எங்கள் எண்ணும் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன், ஐம்பது குழி உள்ள மரப்பலகை. ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சம் டப்பாவுக்குத் திரும்பிவிடும். நான்கு பலகை சேர்ந்தால் ஒரு சுற்று, இருநூறு பொத்தான். நான்கு மாலைகளில் நூறு சுற்று போட்டோம். நான் குலுக்க, அம்மா கறுப்பை எண்ணிக் கோடு போட்டாள். இரண்டாம் மாலை முதல் அவளே குலுக்கினாள், நான் குலுக்குவது சரியில்லையாம். எட்டு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தது, பத்து வந்தது, ஒருமுறை மூன்று வந்தது. எந்தத் தப்பும் செய்யாத டப்பா இவ்வளவு ஆட்டம் போடும் என்று நான் நினைக்கவே இல்லை. பதினான்கும் அதற்கு மேலும் வந்தது நூறில் மூன்றே சுற்று. ஆகவே பதினான்கு வந்தால்தான் அந்த அம்மாள் மேல் தப்பு, அதுதான் கோடு என்று எழுதி, தேதி போட்டு, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினேன். தப்பே செய்யாதவரை நூறில் மூன்று முறை தண்டித்துவிடுவோம் என்று எனக்கு உறுத்தியது. கோட்டைப் பதினாறுக்குத் தள்ளட்டுமா என்று உன்னைக் கேட்டேன். "தள்ளலாம்ப்பா, அப்ப நெஜமாவே தப்பு பண்றவங்களும் தப்பிச்சுப் போவாங்க. எந்தத் தப்பு பரவாயில்லன்னு எண்ணறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. எண்ணின பிறகு கோட்டைத் தொட்டா நான் உன்கிட்ட பேச மாட்டேன்" என்றாய். நான் தொடவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னாயே, யாருடைய தட்டு என்று எனக்குத் தெரியக் கூடாது என்று. கொஞ்சம் கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தோரு வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன், நீ அதற்குள் போனை வைத்துவிட்டாய். எங்கள் தட்டுகளில் மெஷின் எண்ணும் ஆள் பெயரும் எழுதிய சீட்டு இருக்கும். அதை ஒட்டுகிறவரை எல்லோரும் பசை என்றுதான் கூப்பிடுவோம். பசை சீட்டுகளைக் கிழித்துவிட்டு, வெறும் எண் போட்டு, எட்டு மெஷினின் தட்டுகளையும் கலந்து அனுப்பினார். எது யாருடையது என்கிற பட்டியல் மேனேஜர் சட்டைப் பையில். நான் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். பட்டியலைப் பிரித்தார்கள். நான்காம் மெஷின், நான்கு தட்டு, ஒன்பது பழுது.

மேனேஜர் என்னைப் பார்த்து, "அப்போ இந்தம்மா நல்லா வேலை செய்யறாங்கன்னு சொல்றீங்க" என்றார். "இல்ல சார், மோசமா செய்யறாங்கன்னு சொல்ல முடியலன்னு சொல்றேன்" என்றேன். "இதைச் சொல்லவா ஒரு வாரம்?" என்றார். "ஆமா சார், முன்னெல்லாம் ஒரு நிமிஷத்துல தப்பா சொல்லிட்டிருந்தோம்" என்றேன். "உங்க பொண்ணு வக்கீலா?" என்று கேட்டார். எண்ணுகிறவள் என்றேன். வாண்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு உயரம் ஓர் அங்குலம் கூடியிருக்க வேண்டும், பேக்கிங்கில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு வயதில் நீ படிக்கட்டுகளை எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனதற்கு உன்னைத் திட்டியவன் நான். அந்தத் திட்டை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்தக் கலவையில், அந்த நான்கு தட்டு போக, மேனேஜர் என்னைக் கேட்காமல் அலமாரித் தட்டையும் சேர்த்திருந்தார், பழுதுகளையும் உள்ளேயே போட்டு. ஐந்து என்று நான் சொன்ன அதே தட்டு. பெயர் தெரியாமல் பார்த்தபோது அதில் நான் பொறுக்கியது மூன்று. கண் முதலில் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பொத்தானைப் பார்த்திருக்கிறது, புதிய ஆள் என்று. நானே போய் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, "அப்போ மிச்சம் ரெண்டு உங்களோடதா சார்?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாள் என் மேசைக்கு ஒரு டீ வந்தது, யார் அனுப்பியது என்று சீட்டு இல்லை.

அம்மாவுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் கோடு வேண்டும். மாடிவீட்டுக்காரர் செருப்பைக் குறுக்கே விடுவது தற்செயலா இல்லையா என்று காலண்டரில் குறித்துக்கொண்டிருக்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தலைவலி என்றாயே, ஒரு நாள் வந்ததை வைத்து முடிவு செய்யாதே, ஆனால் கண் டாக்டரைப் பார்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்ய மறக்காதே, விட்ட ஞாயிறுகளும் காலண்டரில் இருக்கின்றன. நீ எண்ணுவதெல்லாம் உன் விருப்பப்படியே வரட்டும் என்று வாழ்த்தினால் உனக்குப் பிடிக்காது. எது வந்தாலும் அதைத் தைரியமாக எழுதிவைக்கிற கை உனக்கு என்றைக்கும் இருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு பொத்தானுக்குப் பொறுப்பான உன் அப்பா

பி.கு.: திங்கட்கிழமையிலிருந்து எங்கள் தட்டுகளில் பெயர்ச்சீட்டு கிடையாது என்று உத்தரவாகிவிட்டது. பசையைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.