அப்பா சிபாரிசு செய்த சின்ன ரவுட்டர்

அன்புள்ள எஸ்பெனுக்கு,

டாஸ்மேனியாவில் நீயும் மருமகளும் சௌக்கியந்தானே? இங்கே அப்பா சௌக்கியம். என்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மழை விட்டபாடில்லை, வீபோர்க் ரோட்டில் பாதி வயல் தண்ணீரில் நிற்கிறது. பட்டறை மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டியிருந்தேனே, மரம் குடைகிற அந்த ரவுட்டர் மெஷின் போன மாதம் புகைந்து நின்றுவிட்டது. சர்ச் மண்டபத்துச் சமையலறைக்குப் பதினாலு அலமாரிக் கதவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், ரவுட்டர் இல்லாமல் ஒரு கதவுகூட ஆகாது. பெரிய மெஷினாக வாங்கப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், உன் அப்பாவின் போக்கே மாறிவிட்டது. என் பட்டறைச் சாமான் எதையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷர், காலையில் ரை ரொட்டியைக் கடித்துக்கொண்டே ரவுட்டர் விலைப்பட்டியல் படிக்கிறார்! "சின்னதே போதும் கூட்ரூன், பெருசு எதுக்கு உனக்கு?" என்று வேளாவேளைக்கு இதே பாட்டு. கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் அலகு இருக்கிறதே, அந்தப் பெரிய பிட்டின் தண்டு சின்ன மெஷினில் நுழையவே நுழையாது என்று எத்தனை தடவை சொல்வது? சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறார்.

கார் ஷெட்டில் நின்று யாரிடமோ போனில் குசுகுசு என்று பேசுவார், நான் தலையைக் காட்டினால் வைத்துவிடுவார். யார் என்று கேட்டால் "சும்மா, டயர் விஷயம்" என்பார். அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன், ஆமாம் பார்த்தேன், என்ன இப்போது? கருவிக் கடைக்காரன் ப்ரேபென், ஒரே வாரத்தில் நாலு தடவை. விற்காமல் கிடக்கிற சாமானை என் தலையில் கட்ட இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். சனிக்கிழமை கடைக்குக் கிளம்பினால் அப்பாவும் ஒட்டிக்கொண்டு வந்தார். ப்ரேபென் எடுத்த எடுப்பிலேயே சின்னதை முன்னால் நகர்த்தினான். "அத உள்ள வைப்பா, பெருச எடு" என்றேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். அருமையான மெஷின், மேஜைக்கு மேலேயிருந்தே உயரம் கூட்டிக் குறைக்கலாம், வேகத்தையும் தணிக்கலாம். பிட்டை மெஷின் வாயில் இறக்கி, அடி முட்டாமல் இத்தனூண்டு மேலே இழுத்து, ஸ்பானர் போட்டு இறுக்கினேன். எவ்வளவு இறுக்கம் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், உனக்குத் தெரியாததா? ப்ரேபென் இரண்டு விரலால் லேசாக இழுத்தான், பிட் அவன் கையோடு வந்துவிட்டது. "என்கிட்டயே ஓட்டைச் சாமானக் காட்டுறியா?" என்று கடை அதிரக் கத்தினேன். அதே பிட், அதே ஸ்பானர், அவன் இறுக்கினான். நான் இழுத்தேன், அப்பா இழுத்தார், இம்மிகூட அசையவில்லை. மெஷின் ஓடும்போது நான் இறுக்கிய பிட் கழன்று பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் மெஷினை விட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றேன்.

காரில் ஏறியதும் அப்பா வாயைத் திறந்தார். "எஸ்பென்தான் எழுதினான். அம்மாவுக்கு விரல் மரத்துப்போகுது, பெருசு வாங்க விடாதீங்கன்னு. அதான் ப்ரேபென்கிட்டயும் சொல்லிவெச்சேன். உன்கிட்ட சொன்னா நீ குதிப்பே." சதிக்குத் தலைவன் கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறான், நான் பாவம் ப்ரேபெனைத் திட்டியிருக்கிறேன்! மார்ச்சில் போனில் வாய் தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயே. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. என்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன், அதுவும் உண்மைதான்.

பெரியதைத்தான் வாங்கியிருக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்வரை பெட்டியைப் பிரிப்பதில்லை. அதற்கப்புறமும் நான் இறுக்கும் ஒவ்வொரு பிட்டையும் அப்பா இழுத்துப் பார்த்து "சரி"யென்றால்தான் ஸ்விட்சைத் தொடுவேன். அவரிடமே சொல்லிவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். இனி என் கையைப் பற்றி என்னைக் கேள், அப்பாவுக்குத் தனியாகக் கடிதம் போடாதே. எழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று கேட்பாய். பேனா விரலில்தான் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை ஆரம்பித்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது.

உன் அம்மா,
கூட்ரூன்