போத்தலில் இருந்தது தண்ணீர்

அனுப்புநர்:
திருமதி புனிதவதி சத்தியசீலன் (வயது 73),
அசாம் ஜாவா,
கோலசிலாங்கூர், சிலாங்கூர்.

பெறுநர்:
டாக்டர் சீனி முகம்மது அவர்கள்,
இயக்குநர்,
சுங்கை மெலாத்தி சமூக மருத்துவமனை,
கோலசிலாங்கூர் மாவட்டம்.

பொருள்: காலஞ்சென்ற என் கணவர் திரு. சத்தியசீலன் அவர்களை மதுப் பழக்கம் உள்ளவர் எனக் கூறும் ஆய்வறிக்கையையும் மருத்துவக் கோப்பையும் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். ஆயினும் தவறு நேர்ந்தது தமிழில். தாங்களும் தமிழ் வாசிப்பவர் என அறிகிறேன். ஆகவே மூல மனுவைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

1. என் கணவர் தோட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். 2023 ஆகஸ்டு மாதம் கடும் வயிற்று வலியுடன் தங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஒன்பதாம் நாள் காலமானார். கணைய அழற்சி என்றார்கள். சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. தாதியர் அவரைக் கடைசி வரை மரியாதையாகவே நடத்தினார்கள்.

2. இவ்வாண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தேன். காத்திருக்கும் கூடத்துச் சுவரில் தங்கள் மருத்துவர்களின் ஆய்வுப் பதாகைகள் வரிசையாகத் தொங்கின. நான் கிள்ளானில் கான்வென்ட் பள்ளியில் படித்தவள். கண்ணில் படும் ஆங்கிலத்தை வாசிக்காமல் விடும் வழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவது பதாகை, நீண்ட காலமாக அளவுக்கு மீறி மது அருந்தி வந்த எழுபத்தொரு வயது இந்தியர் ஒருவரின் கணைய அழற்சியைப் பற்றியது. பெயர் இல்லை. ஆனால் நான்காவது வரியில், வழிபாட்டிடத்துக்குச் செல்லும்போதும் இவர் போத்தலுடன் செல்வார் என்று மனைவியே உறுதிப்படுத்தியதாக இருந்தது. அந்த மனைவி நான் என்பதை உணர எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. என் எண்ணை அழைத்தபோது நான் எழுந்து செல்லவில்லை. (அந்தப் பதாகையில் இலக்கணப் பிழைகளும் இரண்டு இருந்தன. அவை இம்மனுவின் பொருளுக்கு வெளியே என்பதால் விட்டுவிடுகிறேன்.)

3. கணவரைச் சேர்த்த அன்று உண்மையில் நடந்ததைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். வார்டு மருத்துவருக்குத் தமிழ் வராததாலும், அன்றிருந்த நிலையில் எனக்கு ஆங்கிலம் வாயில் வராததாலும், கணேஸ்வரன் என்னும் வார்டு உதவியாளர் எங்களுக்கிடையே மொழிபெயர்த்தார். வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டார். நான் சொன்னது இதுதான்: "ரெண்டு வருசமா ஒரே தண்ணிதான் தம்பி. நான் சொன்னா நிறுத்த மாட்டாரு. கோயிலுக்குப் போனாக்கூட போத்தலோடதான் போவாரு." அவர் என்னை இரக்கத்துடன் பார்த்து, "பாவம் ஆன்டி நீங்க" என்றார். கணவர் வலியில் துடிப்பதற்காக இரங்குகிறார் என்று எண்ணி நன்றி கூறினேன்.

4. எங்கள் பக்கத்தில் 'தண்ணி' என்றால் தண்ணீர், மது இரண்டும்தான். வாழ்நாள் முழுவதும் 'தண்ணீர்' என்று திருத்தமாகச் சொல்லி வந்த நான், அன்று பதற்றத்தில் வீட்டுச் சொல்லைச் சொல்லிவிட்டேன். இதில் என் பங்கை மறைக்கவில்லை. கணேஸ்வரனைத் தண்டிக்கவும் கோரவில்லை. ஆனால் சொல் ஒன்று இரு பொருள் தரும்போது, தோட்டத்து இந்திய ஆண் என்றவுடன் எந்தப் பொருள் முதலில் தோன்றியது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். என் மாமனார் சம்சு என்னும் சாராயம் குடித்து இறந்தவர். அந்தச் சாவுக்குப் பிறகு என் கணவர் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்தே குடிப்பார்.

5. பதாகையைப் பார்த்த அன்றே ஆய்வுப் பிரிவுக்குச் சென்று அந்த அறிக்கையை எழுதிய டாக்டர் ஷஹீதாவைச் சந்திக்கக் கேட்டேன். இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தேன். அவர் வந்து, மலாயில், தன்மையாகத்தான் பேசினார். எந்தக் குடும்பமும் குடிப்பழக்கத்தை ஒத்துக்கொள்வதில்லை, அது இயல்பு என்றார். நான் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டேன்: "நான் ஒத்துக்கொண்டதாகத்தானே டாக்டர் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்?" போத்தலில் என்ன இருந்தது என்று இப்போதாவது என்னிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், நானே ஊற்றிக் கொடுப்பேன் என்று சொன்னேன்.

6. இங்கே டாக்டர் ஷஹீதாவைப் பாராட்டி எழுத வேண்டியது என் கடமை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்று கேட்டார். ஆறு என்றேன். சிறுநீரகத்தில் கல் வந்ததா, எலும்பு வலி இருந்ததா, மலச்சிக்கல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே சொன்னேன். பிறகு பழைய கோப்புகளைத் தேடி, என் கணவர் இறப்பதற்கு ஓராண்டு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் கால்சியம் அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. கழுத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்று கெட்டால் கால்சியம் ஏறும், தாகம் அடங்காது, சிலருக்குக் கணையமும் புண்ணாகும் என்று விளக்கினார். கணையம் புண்ணானபின் அந்த அளவு கீழே இறங்கிவிடக் கூடுமாம். அதனால்தான் வார்டில் எடுத்த பரிசோதனையில் அது தெரியவில்லை. இறந்தவரை இனிப் பரிசோதிக்க முடியாது என்றாலும், மதுவைவிட இதுவே பொருத்தமான காரணம் என்று தம் கையால் எழுதித் தந்தார். நகல் இணைப்பில் உள்ளது.

7. கடைசியாக அவர் கேட்ட கேள்வியை நான் என்றும் மறவேன். "வீட்டுல வேற யாராச்சும் இப்படித் தண்ணி குடிக்கிறாங்களா, ஆன்டி?" என்று, தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார். என் மகள் தனேஸ்வரி ஈஜோக்கில் பள்ளி ஆசிரியை. வயது நாற்பத்து நான்கு. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தவள். அப்பாவைப் போலவே எங்கும் போத்தலுடன் போகிறாள் என்று நாங்கள் கேலி செய்வதுண்டு. ஏப்ரலில் அவளுடைய இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கால்சியம் அதிகம். ஜூன் மாதம் பெரிய மருத்துவமனையில், அவள் கழுத்திலிருந்து மொச்சைக் கொட்டை அளவுள்ள கட்டியை எடுத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டில் அரை நாள் இருந்தவள், ஒரு குவளை தண்ணீர்தான் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன் என்பதையும், அது துக்கத்தால் அல்ல என்பதையும் தங்களுக்குத் தெரிவிப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

8. டாக்டர் ஷஹீதா தந்தையையும் மகளையும் பற்றிப் புதிய அறிக்கை எழுதியிருக்கிறார். 'தண்ணி' என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. நானும் மகளும் இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டோம். தமிழ்ப் படிவத்தில் பதினொரு பிழைகள் இருந்தன. திருத்திய பிரதியை ஆய்வுப் பிரிவில் ஒப்படைத்துவிட்டேன்.

9. இத்தனை நடந்த பின்னும் மூன்று குறைகள் தீரவில்லை.

(அ) பழைய பதாகையை அதே வாரத்தில் சத்தமின்றி அகற்றிவிட்டார்கள். அது பதினான்கு மாதம் அங்கே தொங்கியது. படித்தவர்கள் படித்ததாகவே இருக்கிறார்கள். புதிய அறிக்கையை அதே சுவரில், அதே அளவில், பதினான்கு மாதம் வைக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ஏற்க மாட்டேன்.

(ஆ) இறந்தவரின் கோப்பு மூடப்பட்டது, அதில் எழுத இயலாது என்று பதிவேட்டுப் பிரிவு கூறுகிறது. என் பேரப்பிள்ளைகள் நாளை மருத்துவரிடம் போனால், தாத்தா குடிகாரர் என்ற குறிப்பு அவர்களைத் தவறான வழியில் அனுப்பும். திருத்தக் குறிப்பு ஒன்றைத் தங்கள் கையொப்பத்துடன் இணைக்க வேண்டும்.

(இ) அதே சுவரில் இருந்த மற்றொரு பதாகை, மூன்று ஆண்டுகளில் மதுவினால் கணையம் கெட்டவர்களைக் கணக்கிட்டிருந்தது. இந்திய ஆண்கள் பதினேழு பேர். அவர்களில் என் கணவரும் ஒருவர் என்று டாக்டர் ஷஹீதா உறுதிப்படுத்தினார். அவரை நீக்கினால் பதினாறு. அந்தப் பதினாறு பேரில் பலர் உண்மையிலேயே மது அருந்தியவர்களாக இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய மனைவியரில் எத்தனை பேர் ஆங்கிலம் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

10. ஆகவே, அந்தப் பதினாறு குடும்பங்களையும் அழைத்து, போத்தலில் என்ன இருந்தது என்றும், வீட்டில் வேறு யாருக்கும் அப்படித் தாகம் உண்டா என்றும் கேட்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தமிழில் கேட்க ஆள் இல்லையென்றால், செவ்வாய், வியாழக் கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் நானே வந்து கேட்கிறேன். ஊதியம் வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று போதும்.

தங்கள் எழுத்து மூலமான பதிலை இம்மாத இறுதிக்குள் எதிர்பார்த்து,

இப்படிக்கு,
உண்மையுள்ள,

(கையொப்பம்)
புனிதவதி சத்தியசீலன்

இடம்: அசாம் ஜாவா
நாள்: 8 செப்டம்பர் 2025

இணைப்பு: மலாய் மொழிபெயர்ப்பு, டாக்டர் ஷஹீதாவின் கடிதம், தனேஸ்வரியின் பரிசோதனை முடிவுகள், அறுவைக்கு முன்னும் பின்னும்.