கொய்யாவை முகர்ந்து நின்றவனுக்கு

நேற்று மாலை புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டியைக் கடந்தபோது கொய்யாப்பழ வாசனை வந்தது. நின்றுவிட்டேன். சிகரெட்டை விட்ட பிறகு உனக்கு முதலில் திரும்பி வந்த வாசனை அதுதான். பழத்தைக் கடிக்காமல் மூக்கருகே வைத்துக்கொண்டே நின்றாய். "இத்தினி வருஷமா இது இப்படித்தான் இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டாய்.

நாம் இருவரும் ஒரே அலுவலகம். ஒரே தீப்பெட்டியில் பற்றவைத்தவர்கள். சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் புற்றுநோய்த் தடுப்புக் கூட்டம் நடக்கிறது, புகையை விடவும் சாப்பாட்டை மாற்றவும் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துப் போனவன் நீ. விடுவதற்காக அல்ல. "இன்னாதான் சொல்றாங்கன்னு பாத்துட்டு வரலாம், வா" என்றாய்.

அங்கே வந்த நர்ஸைக் கேள்விகளாலேயே துளைத்தாய். சிகரெட்டுக்குப் பீடி தேவலையா? கீரையில் அப்படி என்ன இருக்கிறது? கடலோரத்தில் இருந்துகொண்டு கருவாட்டை எப்படி விடுவது? அவர் சலித்துக்கொள்ளவில்லை. "பீடியும் அதே விஷந்தாங்க. கருவாட்ட அடியோட வுடச் சொல்லல, உப்பு ஜாஸ்தி, எப்பனாச்சும் கொஞ்சமா சாப்பிடுங்க" என்றார். அடுத்த வாரமே உன் வீட்டுத் தட்டில் சோறு குறைந்து காய் ஏறியது. சில மாதங்களில் நாம் இருவரும் சிகரெட்டை விட்டோம். நம்மைப் பார்த்து மீனவர்கள் சிலரும் கடைக்காரர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் உன் இருமலில் ரத்தம் வந்தது. நுரையீரலில் புற்று என்றார் டாக்டர். அந்த ஞாயிறு கூடம் பாதி காலி. "வுட்டவனுக்கே வந்துச்சு, அப்புறம் இன்னாத்துக்கு வுடணும்?" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது உன் காதுக்கும் வந்தது.

சிகிச்சையில் முடி கொட்டி மெலிந்திருந்தாய். ஆனாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த டீக்கடைக்கு நடந்தாய். "வுட்டதால வரல அண்ணாத்த. அத்தினி வருஷம் ஊதினதுக்கு வந்துச்சு. நான் லேட்டா வுட்டேன். நீ ஏன் லேட் பண்ற?" என்றாய். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பவனைப் போல அவர் முகத்தையே பார்த்தாய். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தார். இப்போதும் வருகிறார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இன்னும் உனக்கு ஊதணும்னு ஆச வருதா?" என்று கேட்டாய்.

"வருது. பஸ்ஸுக்கு நிக்கும்போது."

சிரித்தாய். "எனக்கு இங்க படுத்துகினே வருது. எங்கேர்ந்துதான் வருதோ தெரியல. அடுத்த தபா வந்தா வெரட்டாத மச்சான். எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

சொல்வதற்குள் நீ போய்விட்டாய். நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நிற்கும்போது அது வருகிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ஆனால் ரொம்ப நேரம் நிற்பதில்லைடா. பெரும்பாலும் பஸ் வருவதற்கு முன்னாலேயே போய்விடுகிறது.