டிக் போடாத தாள்

பாலவனத்தம்,
கார்த்திகை 3

அன்புள்ள மாமாவுக்கு,

யுவராணி எழுதுவது. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதற வேண்டாம். இங்கே எல்லாரும் ஒருமாதிரி நன்றாகத்தான் இருக்கிறோம். சின்னவனுக்குச் சளி விட்டுவிட்டது. வீரசோழன் ஊர்ச் சீனி முகமது இந்த வாரம் உங்கள் தம்மாமுக்குத் திரும்புகிறார். அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறேன், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். அதோடு நம் வீடு ஒரே அறை. நான் போனில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் பெரியவள் தங்கச்செல்வி காதில் விழுந்துவிடும்.

மழை இரண்டு நாள் தூறிவிட்டு அருப்புக்கோட்டைப் பக்கம் போய்விட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, ஆனால் காட்டுப்பன்றி விடுவதாக இல்லை. உங்கள் அக்கா பழைய சேலைகளை எல்லாம் வேலியாகக் கட்டியிருக்கிறாள். என் கல்யாணச் சேலையையும் கேட்டாள். உன் தம்பி வாங்கித் தந்ததே அது ஒன்றுதான், அதையாவது விட்டுவை என்று சொல்லிவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரித் தாளைப் பற்றிப் பூப் பறிக்கிற வேலைக்குப் போன இடத்தில் இருந்து போன வெள்ளிக்கிழமை போனில் உங்களிடம் சொன்னேன். சின்னவனுக்காக அன்றைக்கு நான்கு கரு உண்டாக்கினார்கள். சோதித்துப் பார்த்து, நோய் இல்லாத இரண்டை எனக்குள் வைத்தார்கள். அதில் ஒன்று தங்கியது. தங்கச்செல்விக்கு இருக்கிற அதே தசை நோய் இருந்த மற்ற இரண்டை ஒதுக்கினார்கள். அழித்துவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது, உறையவைத்து இருக்கட்டும் என்றது நான்தான். எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். இப்போது மேற்கொண்டு வைத்திருக்க முடியாது என்கிறார்கள். தாளில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலாவது, அழியவிடச் சம்மதம். இரண்டாவது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம். ஒன்றில் டிக் போட்டு, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

நீங்கள் உடனே, "போறது போகட்டும். வெட்டிப் பாக்கக் குடுக்க வேணாம். நம்ம ரத்தம்ல" என்றீர்கள். நம் ரத்தம் என்பதால்தானே மாமா இவ்வளவும். அக்கா மகளைக் கட்டினீர்கள், இரண்டு பேர் உடம்பிலும் ஒரே குறை ஒளிந்திருந்தது. அதற்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களைத்தான் கட்டுவேன் என்று நின்றவள் நான்.

பிறகு ஆஸ்பத்திரியில் விளக்கம் சொல்கிற சுமதி சிஸ்டரிடம் பேசினேன். அது குண்டூசி முனையைவிடச் சின்னது, கையும் காலும் இல்லை, இதயத்துடிப்பு இல்லை என்றார். அதில் இருந்து எடுக்கிற செல்லைப் பாத்திரத்தில் வளர்ப்பார்களாம். அந்தச் செல்லிலும் இந்த நோய் இருக்கும் என்பதால், புது மருந்துகளை அதில் போட்டுப் பார்ப்பார்களாம். எடுத்த பிறகு கரு இருக்குமா என்றேன். இருக்காது என்றார். எடுக்காமல் விட்டாலும் இருக்காது என்றார். அந்த மருந்து தங்கச்செல்விக்கு ஆகுமா என்று கேட்டேன். "அப்படிச் சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேம்மா" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நம் வீட்டில் இங்கிலீஷ் படிப்பது யார் மாமா?

கேஸ் சிலிண்டர் மெசேஜ் வந்தாலும், பேங்கில் இருந்து எது வந்தாலும், தங்கச்செல்வியிடம் நீட்டியே பழகிவிட்டேன். இது சின்னவனின் ஊசி விஷயம் என்று நினைத்து, அடுப்படியில் இருந்தபடியே வாசிக்கச் சொன்னேன். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நோயின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய ஃபைல் அட்டையில் எழுதியிருக்கிற அதே பெயர். பிறகு கடைசி வரைக்கும் வாசித்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யம்மா, இவுக ரெண்டு பேரும் என்னைய மாதிரியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அதனாலதான் வேணாம்னு வச்சீகளா?" என்றாள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். "அப்ப என்னையவும் இந்த மாதிரிப் பாத்திருந்தா?"

நான் பேசாமல் இருந்தது அரை நிமிஷம் இருக்கும். போன வருஷம் பன்னிரண்டு நாள் தொண்டையில் மூச்சு டியூபோடு அவள் கிடந்தது கண்முன் வந்து நின்றது. இந்தப் பாடு இல்லாமல் என் பிள்ளை இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். அவள் இடத்தில் வேறொரு பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது நான் யோசித்தது மட்டும்தான். அப்புறம், "ஒன்னைய விட்டுருவேனாடி" என்றேன். "சரிம்மா" என்று சொல்லி, சக்கர வண்டியை வாசல் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள்.

மூன்று நாள் கேட்டதற்கு மட்டும் பதில். நாலாம் நாள் சடை பின்னும்போது அவளாகவே பேசினாள். "அவுககிட்டக் கேக்க முடியாதுல்ல. என்னையக் கேளுங்க. அவுக மாதிரி இருக்கது நான் ஒருத்திதான்" என்றாள். நீயே சொல் என்றேன். "ஆராய்ச்சிக்குக் குடுங்க. வீட்டுக்கு ஆகாதது அங்கனயாச்சும் ஆகட்டும்."

அவுக என்றாள் மாமா. நீங்களும் நானும் இத்தனை வருஷமாக அது, அது என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொடுக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எங்கேயோ ஒரு தாய் அந்தப் பன்னிரண்டு நாளைப் பார்க்காமல் இருக்கட்டும். ஆனால் வீட்டுக்கு ஆகாதது என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் டிக் போட முடியவில்லை. அது மனசார வந்த சம்மதமா, நான் பேசாமல் நின்றதற்குக் கொடுத்த தண்டனையா என்று தெரியவில்லை. கீழே என் கையெழுத்தை மட்டும் போட்டிருக்கிறேன். கட்டம் இரண்டும் காலியாக இருக்கின்றன.

தாளைக் கையில் எடுக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவள் தாளை வாசித்தது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும், அந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பாள். அதற்குப் பிறகும் கொடுங்கள் என்று அவள் சொன்னால், உங்கள் மனதுக்கும் சரி என்று பட்டால், இரண்டாவது கட்டத்தில் டிக் போடுங்கள். படாவிட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கேட்கும்போது யோசிக்காதீர்கள் மாமா. சிக்னல் இல்லை, காது கேட்கவில்லை என்றுகூட ஒரு நொடி நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வராமல் போன பதிலை நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள்.

வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதீர்கள். நம் அய்யனார் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
யுவராணி

பின்குறிப்பு: உறைமேல் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். நன்றாக ஒட்டிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கப் போகிறேன். அந்த எழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். போன தடவையைவிடக் கோணலாக இருக்கும், விரல் முன்போல மடங்குவதில்லை. ஆனாலும் உங்கள் பெயரை வேறு யாரையும் எழுத விடமாட்டேன் என்கிறாள்.