குடும்பத்தில் ஒருத்தி

அல் ஐன், அமீரகம்
6 ஏப்ரல் 2008

அன்புள்ள பெபின் அப்பாவுக்கு,

மாதா துணையால் சுகம். போனில் பேசினால் இந்த வீட்டார் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் உம்மு ஹானி அம்மாவை, அவர் மகன் மக்தூம் அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறார். லூசியானா என்று தெற்கே ஒரு மாநிலம், அவர் படித்த இடமாம். பெரிய ஆறு, பழைய மாளிகைகள் எல்லாம் காட்டப்போகிறாராம். ஊசி போட நர்ஸ் வேண்டுமே, நானும் போக வேண்டும். மே கடைசியில் பெபின் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, லீவு தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். "நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி, அம்மாவை விட்டுப் போவாயா?" என்று சிரிக்கிறார். மூன்றாவது வருஷமாக இதே சிரிப்பு. திட்டினாலாவது திருப்பிக் கேட்கலாம்.

என் பாஸ்போர்ட் அவர் பெட்டியில்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஷாஜினி

தம்மாம், சவூதி
19 ஏப்ரல் 2008

அன்பு ஷாஜினிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து டூட்டியில் கை ஓடவில்லை. ஏர்போர்ட் கவுண்டரில் பாஸ்போர்ட்டை உன் கையில் தருவார்கள். தாண்டியதும் கேட்பார்கள். பேசாமல் கொடுத்துவிடு. முறைத்துக்கொண்டால் ஓடிப்போனவள் என்று கேஸ் கொடுப்பார்கள். என் ரூமில் இருந்த ராமையா, விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம் வாய் கொடுத்தான். இன்றுவரை அவன் எங்கே என்று தெரியவில்லை. நானும் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத்தானே இருக்கிறேன்.

புதுநன்மைக்கு என் தங்கை பெர்சி இருக்கிறாள். பிள்ளையை இத்தனை நாள் வளர்த்தவள், இதையும் பார்த்துக்கொள்வாள். நீ ஊரைப் பார். மரம், ஆறு எப்படி இருக்கிறது என்று எழுது.

ரெனீஷ்

லூசியானா
9 மே 2008

அன்புள்ள பெபின் அப்பாவுக்கு,

மரங்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஓக் மரங்கள். கிளை கிளையாகச் சாம்பல் நிறப் பாசி நரைத்த சடைபோலத் தொங்குகிறது. ஆறு நம் டீயின் நிறம். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நேற்று ஒரு கரும்புத் தோட்டத்து மாளிகைக்குப் போனோம். பின்னால் அடிமைகள் இருந்த மரக் குடிசைகள். முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் அவர்கள் எல்லை தாண்ட முடியாதாம். மாடியில் முதலாளியம்மாவின் கட்டில். அதன் காலடியில், தரையில் ஒரு பாய். அவரைக் கவனித்த கறுப்பினப் பெண் படுத்த இடமாம். "குடும்பத்தில் ஒருத்தி போலவே வைத்திருந்தார்கள்" என்றாள் வழிகாட்டி. மக்தூம் அதை அரபியில் சொல்லி, "நம்ம ஷாஜினி மாதிரி" என்றார். உம்மு ஹானி அன்பாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் அவர் கட்டிலின் காலடியில்தான் படுக்கிறேன். எனக்குச் சம்பளம் உண்டு, அடி இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தப் பாயில் படுத்தவளுக்குப் பிள்ளை இருந்ததா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இருந்ததாம், எங்கே போனது என்று தெரியாதாம். அதன்பிறகு எதையும் பார்க்க முடியவில்லை.

ஷாஜினி

இனயம்
21 மே 2008

அன்புள்ள பெபின் அப்பாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். வீட்டில்தான் இருக்கிறேன்.

துபாயில் இறங்கி கவுண்டரைத் தாண்டியதும் மக்தூம் வழக்கம்போலக் கை நீட்டினார். நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் "மாஃபி", தரமாட்டேன் என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வீல்சேரிலிருந்து உம்மு ஹானி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாக விடுவித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும், அழுதுவிட்டேன். அங்கேயே திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். விமானம் எழும்பும்வரை ஒவ்வொரு போலீஸ்காரனும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. இப்போதும் போன் அடித்தால் பெர்சியைத்தான் எடுக்கச் சொல்கிறேன். கோபப்படுவீர்கள், படுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. என்னைக் கண்டதும் பெபின் முதலில் பெர்சியின் பின்னால் ஒளிந்து நின்றான். பிறகு, வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் எல்லோரும் கேட்பதையே அவனும் கேட்டான்.

"ஒனக்கு லீவு எத்தன நாளு?"

"லீவு இல்ல மக்ளே. வந்தாச்சு."

"அப்போ அப்பா எப்போ வருவாவ?"

கேட்டு எழுதுகிறேன் என்றேன். உங்கள் பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை.

ஷாஜினி