புள்ளி வைத்தால் கேள்விக்குறி

ஜூன் 11, செவ்வாய்

உறுதியான செய்தி: புதிய மடிக்கணினியில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் கேள்விக்குறி விழுகிறது. ஆதாரம், என் வலது கை மோதிர விரல். இரண்டாவது ஆதாரம், என் மனைவி. மூன்று தடவை தட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் விழுந்தது.

வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. வேறு தொழில் செய்கிறவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நான் ஞாயிறு பதிப்புக்கு வாராவாரம் அஞ்சலிக் குறிப்பு எழுதுகிறவன். போன வாரம் ஒரு தபால் அதிகாரியைப் பற்றி எழுதினேன். பழைய கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு புள்ளியை நகலெடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் கொண்டுபோய் ஒட்டினேன். மூன்று இடத்தில் விட்டுப்போயிற்று. அச்சில் வந்தது இப்படி:

"கடைசிவரை நேர்மையாக வாழ்ந்தார்? மனைவியைத் தவிர வேறு பெண்ணை ஏறெடுத்தும் பார்த்ததில்லை? அவரது மறைவு ஈடு செய்ய முடியாத இழப்பு?"

அதிகாரியின் மனைவி எடிட்டருக்குப் போன் செய்து, நடுவில் உள்ளதற்கு மட்டும் விளக்கம் கேட்டாராம்.

எடிட்டர் என்னிடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணே, இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சுன்னா அந்த இடத்தைக் குறுக்கெழுத்துக்காரருக்குக் குடுத்துருவேன். அவரு கேள்வி கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

அடுத்த குறிப்பு வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும்.

ஜூன் 12, புதன்

பழைய கணினியைக் கடையில் கொடுத்துத்தான் இதை வாங்கினோம். ஆகவே திரும்பிப் போக வழியில்லை. போனில் எழுதிப் பார்த்தேன். 'மறைந்தார்' என்று தட்டினால் 'மறந்தார்' என்று திருத்துகிறது. இதற்கு அதுவே தேவலை.

மனைவி உத்தரவாதக் கட்சி. அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறாள். "ஒரு வருஷத்துக்குக் கம்பெனி பாத்துக்கும்னு எழுதியே குடுத்திருக்கான். நீங்க கைய வெக்காம இருந்தாப் போதும்."

கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பதினைந்து வேலை நாள் என்றார். அதிகபட்சமா, குறைந்தபட்சமா என்று கேட்டேன். பாட்டு போட்டுவிட்டார்கள்.

மாலையில் மைத்துனர் வந்தார், மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

"பதினஞ்சு நாளா! மாமா, பதினஞ்சு நிமிஷ வேலை. நான் ஃபிரிட்ஜையே திறக்குறவன்."

"ஃபிரிட்ஜை எல்லாருந்தான் திறக்குறாங்க மாப்ள."

சிரிக்கவில்லை. மனைவி காபித் தம்ளர்களை எடுக்க வந்தபோது பேச்சை மழைக்கு மாற்றினார். அடுப்படிக்குள் அவள் தலை மறைந்ததும், "நாளைக்கு அக்கா எத்தன மணிக்குக் கெளம்பும்?" என்றார்.

உத்தரவாத விதிகள் ஒன்பது பக்கம். படுக்கும் முன் முழுவதும் படித்தேன். நான்காம் பக்கம்: வாடிக்கையாளர் சாதனத்தைத் திறந்தால் உத்தரவாதம் ரத்தாகலாம். 'ரத்தாகும்' அல்ல, 'ரத்தாகலாம்'. முப்பத்து நாலு வருஷம் நிருபராக இருந்தவனுக்கு அந்த 'லாம்' எவ்வளவு பெரிய கதவு என்று தெரியும்.

ஜூன் 13, வியாழன், காலை

மனைவி ஒன்பதரைக்கு நூலகத்துக்கு வேலைக்குப் போனாள். மைத்துனர் ஒன்பது நாற்பதுக்கு வந்தார். தற்செயல் அல்ல.

அதே நாள், பிற்பகல்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மைத்துனர் முதலில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கீபோர்டைச் செருகிப் பார்த்தார். அதிலும் புள்ளிக்குக் கேள்விக்குறி. இரண்டு கீபோர்டிலும் ஒரே கோளாறு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க வேண்டும். இரண்டு சாட்சி ஒரே பொய்யைச் சொன்னால், சொல்லிக்கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று தேடிப் போகிறவன் நான். இன்றைக்கு என்ன ஆயிற்று எனக்கு?

மைத்துனர் தன் கீபோர்டைப் பதறிப்போய்ப் பிடுங்கினார். "பாத்தீங்களா மாமா, இதுக்கும் தொத்திக்கிச்சு!"

கவிழ்த்தார். ஒரு திருகாணி மேல் வெள்ளி ஸ்டிக்கர் இருந்தது. நகத்தால் சுரண்டினார். போயிற்று. நான் டார்ச் பிடித்தேன். பதினோரு திருகாணி, சாப்பாட்டுத் தட்டில். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தூசி ஊதும் கருவியால் ஊதினார். தூசி எதுவும் வரவில்லை. பத்து நாள் கணினியில் எங்கிருந்து வரும்?

"எல்லா ஸ்க்ரூவும் ஒரே மாதிரிதானே மாப்ள?"

"ஒண்ணுதான் மாமா, கண்ண மூடிட்டு மாட்டலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினார் போல. இரண்டு திருகாணி மற்றதைவிட நீளம். அதில் ஒன்று குட்டையான துளைக்குள் போய், மேல்பக்கம், விரல் தேய்க்கும் பலகைக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கொசு கடித்த மாதிரி வீக்கம். பலகை செத்துப்போயிற்று, அம்பு அசையவில்லை.

புள்ளியைத் தட்டினேன். கேள்விக்குறி.

"அது வேற கம்ப்ளெயின்ட் மாமா, இது வேற கம்ப்ளெயின்ட்," என்று சொல்லிவிட்டு, அவசரமாக ஒரு ஃபிரிட்ஜ் இருப்பதாகப் போய்விட்டார்.

அய்யோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்! ஒரு கோளாறோட இருந்தத ரெண்டு கோளாறாக்கி, உத்தரவாதத்தையும் நகத்தால சுரண்டிப் போட்டாச்சு. அவகிட்ட என்னன்னு சொல்றது?

ஜூன் 14, வெள்ளி

காலையிலேயே சர்வீஸ் சென்டர். கவுன்டரில் இருந்த பெண் ஆங்கிலத்தில் தட்டினார். புள்ளி அழகாக விழுந்தது. "நல்லாத்தானே சார் இருக்கு?" தமிழில் தட்டச் சொன்னேன். கேள்விக்குறி. அவர் தமிழ்த் தட்டச்சுச் செயலியைத் திறந்து, சுருக்கங்கள் என்ற பட்டியலுக்குப் போனார். அதில் ஒரே ஒரு வரி. புள்ளி வந்தால் கேள்விக்குறி போடவும். சேமித்த நேரம்: ஜூன் 1, பகல் 11.40.

அப்போதுதான் உறைத்தது. குறிப்பேட்டில் உறுதியாகாத தகவல் எதுவானாலும் அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம். புள்ளி என்றால் இன்னும் கேட்க வேண்டும் என்று அர்த்தம். கணினி வந்த முதல் நாள், உற்சாகத்தில், இந்தப் பழக்கத்தை அதற்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்ததை நான் மறந்துவிட்டேன். அது மறக்கவில்லை.

"இது கோளாறு இல்ல சார். நீங்க சொன்னத அது கேக்குது, அவ்ளோதான்," என்றார் அந்தப் பெண். வரியை அழிக்க மூன்று விநாடி ஆயிற்று.

பிறகு கணினி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இங்க ஏன் சார் வீங்கியிருக்கு?" என்றார்.

படிவம் கொடுத்தார். 'சாதனம் திறக்கப்பட்டதா? விவரம்.' தெரியாது என்று எழுதினால் போதும், நிறைய பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவரே மெதுவாகச் சொன்னார். கோப்பு தொலைக்கப்பட்டது, பாலம் இடிக்கப்பட்டது என்று சொன்ன அதிகாரிகளிடமெல்லாம் 'யார்?' என்று கேட்டே வயிறு வளர்த்தவன் நான். எழுதினேன்: "என் மைத்துனர் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன்."

கம்பெனியின் முடிவு வரும்வரை மவுஸ் வைத்து ஓட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்து, ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி எழுதி, நாலு இருபதுக்கு அனுப்பினேன். நாற்பத்தொரு முற்றுப்புள்ளி, எல்லாம் கையால் தட்டியவை. எடிட்டர் பதில்: "எல்லாம் சரியா இருக்கு அண்ணே. குறுக்கெழுத்துக்காரருதான் மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்காரு."

ஜூன் 15, சனி

"சரியாயிருச்சா? என்ன கோளாறாம்?" என்றாள் மனைவி.

"ஒரு அமைப்பு மாற்றப்பட்டிருந்தது."

"யாரு மாத்துனா?"

விசாரணை நடக்கிறது என்றேன். மவுஸ் எதற்கு என்று கேட்டாள். கைக்கு வசதி என்றேன். வீக்கத்தின் மேல் குறிப்பேட்டை வைத்திருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

குறிப்பு வந்துவிட்டது. ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

உறுதியான செய்தி: மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆதாரம், கம்பெனியே.

வாங்கியது அவள். அட்டையில் இருப்பது அவள் பெயர், அவள் எண். ஒன்பது பக்க விதிகளையும் படித்தவன் அட்டையின் முதல் வரியைப் படிக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்கு நூலகத்தில் இருந்தவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் டார்ச் பிடிச்சதா எழுதியிருக்காரு மேடம், கன்ஃபர்ம் பண்ண முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். புள்ளிக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். 'அமைதி காக்கவும்' பலகைக்கு அடியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டாளாம். வாசகர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பில்லை. தம்பியைப் போனில் பிடித்தாள்.

"டேய், ஸ்க்ரூ எல்லாம் ஒண்ணுதானாமே?"

"அக்கா, மாமாதான் சரியா வெளிச்சம் காட்டல..."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கம்பெனிக்காரனுக்கு உண்மைய எழுதிக் குடுக்கத் தெரிஞ்சுது. எங்கிட்ட விசாரணை நடக்குதா?"

மன்னிப்புக் கேட்டேன். "மொதல்ல கம்பெனி சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்," என்று எழுந்துபோய்விட்டாள்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. செத்துப்போன விரல் பலகையை உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா என்று கம்பெனி வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. மற்றது மனைவியின் முடிவு; அதற்கு மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கு நூலகம் மூடி அவள் வீடு வந்து சேர ஐந்து ஐம்பது ஆகும்.